மூக்கு குத்தப் போகிறேன், ஆறு வாரத்தில் ஆறிவிடுமா?

கேள்வி, 10 நவம்பர் 2024

ஊர் தொண்டிப் பக்கம். 17 வயது, பிளஸ் டூ. எட்டாம் வகுப்பிலிருந்தே மூக்கு குத்த ஆசை. அம்மா சரி என்கிறார். அண்ணன் மூஞ்சி கெட்டுப் போகும் என்கிறான். ஃபேன்சி கடையில் கன் வைத்து ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். அம்மாவோ பத்தரிடம்தான் போக வேண்டும் என்கிறார். எங்கே குத்துவது, எந்தப் பக்கம், எத்தனை நாளில் ஆறும்? வீடு கடலை ஒட்டி இருக்கிறது. உப்புக்காற்றில் ஏதாவது ஆகுமா?

10 நவம்பர் 2024, இரவு

பத்தரிடம் போ. கன் வேண்டாம். வலது பக்கம். ஆறு வாரம். கடல் பக்கத்தில் வீடு என்றால் இன்னும் நல்லது, தினமும் ஒரு முங்கு போட்டால் உப்புத் தண்ணீரிலேயே புண் ஆறிவிடும். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான்.

நான் குத்தியது 2006 மே மாதம், பத்தாம் வகுப்பு முடிந்த லீவில். 16 வயது. அப்பா புது மூக்குத்தி வாங்கிக் கொடுத்தார், ஒற்றைச் சிவப்புக்கல். இப்போது ராமநாதபுரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. கவுண்டரில் ஒன்பது வருடம். மூக்கைப் பொத்திக்கொண்டு வரும் பிள்ளைகளை நிறையப் பார்த்தாயிற்று. அதனால் கொஞ்சம் தெரியும் என்று வைத்துக்கொள்.

12 நவம்பர் 2024

என்னை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டிருக்கிறாய். பிறந்த வீடு தங்கச்சிமடம், வாழ்க்கைப்பட்டது அக்காள்மடம். இரண்டும் பாம்பன் தீவிலேயே இருக்கும் ஊர்கள்தான். கல்யாணத்தோடு பதவி உயர்வு வந்துவிட்டது. அக்கா என்றே கூப்பிடு.

வலிக்குமா என்பதற்குப் பதில்: வலிக்கும், ஆனால் நீ பயப்படுகிற இடத்தில் இல்லை.

பத்தர் வீட்டுத் திண்ணையில் என்னைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்தார். பால்பாயிண்ட் பேனாவால் மூக்கில் ஒரு புள்ளி. கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டினேன். அம்மா மட்டும் "ஒரு நெல்லு அளவு கீழே" என்றார். அழித்துவிட்டு இன்னொரு புள்ளி. பத்தர் ஒரு தங்கக் கம்பியின் முனையைக் கல்லில் தேய்த்துக் கூராக்கி, தேங்காய் எண்ணெயில் தொட்டார். உள்ளே ஒரு விரலை அண்டக் கொடுத்து, வெளியிலிருந்து ஒரே தள்ளு. நுங்கின் கண்ணில் கட்டைவிரலை விடும்போது 'பொளக்' என்று ஒன்று வருமே, அது மண்டைக்குள்ளிருந்து கேட்டது. வலி அதற்கு அப்புறம்தான் வந்தது. வலது கண்ணில் மட்டும் தண்ணீர். இடது கண் காய்ந்து கிடக்கிறது. பக்கத்துக் கண் மட்டும் கலங்குவது நிறையப் பேருக்கு நடக்கிறதாம், அன்றைக்கு எனக்குத் தெரியாது. பாதி முகம் அழுகிறதே என்று எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கம்பியை வளையமாக முறுக்கிவிட்டார். உடனே நான்கு தும்மல். குத்தியதைவிட அந்தத் தும்மல்கள்தான் வலித்தன.

மூன்றாவது வாரம் வளையத்தைக் கழற்றிவிட்டுத் திருகு மூக்குத்தியை மாட்டினோம். அது பெரிய தப்பு. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

23 நவம்பர் 2024

மூன்று நாளாகக் கரண்ட் சரியில்லை. 20ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தங்கச்சிமடத்தில் 30க்கு மேல். அம்மா வீட்டு முற்றத்தில் முழங்கால் தண்ணீர். சாக்கடையும் கக்கூஸ் தொட்டியும் தெருவும் ஒன்றாகிக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கின்றன. அதற்குள் நின்று சாமானைத் தூக்கி மேலே வைக்கும்போதுதான் உறைத்தது. இந்தத் தண்ணீரிலா ஒரு சின்னப்பெண்ணை தினமும் புதுப் புண்ணோடு முங்கச் சொன்னேன்?

வெட்கமாக இருக்கிறது. கடையில் ஒருத்தி வந்து கேட்டால் இதே வாய் வேறு பேசும். வீட்டு வழக்கத்தை எழுதும்போது அம்மா சொன்னது முந்திக்கொள்கிறது.

சரியான கணக்கைச் சொல்லிவிடுகிறேன். புண் கழுவும் நார்மல் சலைன் 0.9 சதவீதம், அதாவது லிட்டருக்கு 9 கிராம் உப்பு. நம் உடம்பின் நீரோடு ஒத்துப்போகிற அளவு. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம், கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அது புண்ணைக் காய வைத்து எரிச்சலைத்தான் கூட்டும். வெதுவெதுப்பான கடலில் இருக்கும் சில கிருமிகள் புண் வழியே உள்ளே போனால் பெரிய ஆபத்தே வரலாம். ஆறுகிற வரைக்கும் கடல், குளம், தீர்த்தம் எதிலும் மூக்கை நனைக்காதே. மருந்துக்கடையில் 10 மி.லி. சலைன் ஆம்பூல் கிடைக்கும். ஒரு வேளைக்கு ஒன்று, மிச்சத்தை மூடி வைத்து மறுநாளைக்கு எடுக்காதே. காலையும் இரவும் நனைத்து, ஊறிய பொருக்கைத் துடை. நகத்தால் பிய்க்காதே. அவ்வளவுதான்.

உப்புக்காற்று ஒன்றும் செய்யாது. கூட வருகிற மணல்தான் தொல்லை.

24 நவம்பர் 2024

"எங்கள் அப்பத்தாவுக்குக் கடலில் முங்கித்தான் ஆறியது" என்று ஒருவர் கோபித்திருக்கிறார். ஆறியிருக்கும். ஆறாமல் தூர்ந்துபோன மூக்கைப் பற்றி யார் வந்து பெருமையாகச் சொல்லப் போகிறார்கள்?

சின்னப்பாலத்துப் பாசி எடுக்கும் பெண்கள் மணிக்கணக்கில் முங்கி எழுகிறார்களே என்றும் கேட்டிருக்கிறார். அவர்கள் மூக்கில் இருப்பது வருடக்கணக்கில் ஆறிய துளை. விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, பாறையில் மரிக்கொழுந்துப் பாசி பிடுங்குகிற கைக்காரிகளோடு, நேற்று குத்திய மூக்கை ஒப்பிட வேண்டாம்.

8 டிசம்பர் 2024

ஆறு வாரக் கதைக்கு வருகிறேன். அதுவும் தப்பு. ஆறு முதல் எட்டு வாரம் என்பது காது மடலுக்கான கணக்கு. மூக்குக்கு நான்கு முதல் ஆறு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஏமாற்றுவது என்னவென்றால், வெளிப்பக்கம் முதலில் ஆறிவிடும். வலி போய்விடும், சிவப்பு போய்விடும். உள்ளே பச்சையாகவே இருக்கும். அவசரக்காரி இறக்கிய இட்லி மாதிரி, மேலே வெந்திருக்கும், விரலை விட்டால் மாவு.

என் கதை. குத்திய ஒன்பதாம் நாள் ஆர்.எஸ். மங்கலம் பக்கம் அத்தை வீட்டுக்குப் போனேன். முற்றம் முழுக்க முண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. நம் ராமநாதபுரம் குண்டு மிளகாய்தான், 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மகராசி. நாலு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காம்பு கிள்ளினோம். அத்தை ஏதோ சொன்னாள், சிரித்தேன், மூக்கில் வியர்வை. புறங்கையால் துடைத்திருக்கலாம். விரலால் துடைத்தேன்.

அதை எழுத வார்த்தை இல்லை. முகத்தில் அந்த இடம் மட்டும் தனியாக அடுப்பில் விழுந்த மாதிரி. ஓடிப்போய்க் குடத்துத் தண்ணீரில் முகத்தை அமுக்கினேன், எரிச்சல் கன்னத்துக்கும் பரவியது. மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அத்தை மோர் ஊற்றினாள், பிறகு நல்லெண்ணெய் தடவினாள். சாயங்காலத்துக்குள் மூக்கு ஒரு பக்கம் கோவைப்பழம். எரிச்சலில் வளையத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தேன். ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தினமும் சுழற்ற வேண்டும் என்பார்கள். கேட்காதே. சுழற்றும்போதெல்லாம் உள்ளே வளர்ந்த புதுத் தோல் கிழிகிறது.

அப்புறம் அந்தத் திருகு மூக்குத்தி. ஆகஸ்டில் கச்சான் காற்று அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் தட்டாகக் கிடக்கும். நம்மவர்கள் ஆண்கடல், பெண்கடல் என்பது சும்மா இல்லை. பெண்கடலில் தோழிகளோடு குளித்துக் கரையேறி முடியைப் பிழியும்போது ஒருத்தி "உன் மூக்கு எங்கடி?" என்றாள். மூக்கு இருந்தது. கல்லைக் காணோம். எப்போதோ திருகு தளர்ந்திருக்கிறது. இருட்டுகிற வரைக்கும் மணலைச் சலித்தோம். மூன்று மாதத் துளை, இரண்டே நாள். மூன்றாம் நாள் வேப்பங்குச்சி கூட நுழையவில்லை.

அப்பா திட்டவில்லை. அம்மா அன்றைக்குச் சோறு போடும்போது பேசவே இல்லை.

19 டிசம்பர் 2024

கன் பற்றி. இது என் இரண்டாவது முறை, 19 வயதில். ஊர் பெயரும் கடை பெயரும் வேண்டாம்.

வளையல், பொட்டுப் பாக்கெட்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல். கன் என்பது காது மடலுக்காகச் செய்தது. ஊசி மாதிரி வழி வெட்டாமல், மழுங்கிய கம்பியை ஸ்பிரிங் வேகத்தில் அறைந்து நுழைக்கிறது. சதை நசுங்கும். பெரும்பாலான கன் பிளாஸ்டிக் என்பதால் ஆட்டோகிளேவில் வைத்துக் கிருமி நீக்கவும் முடியாது. எனக்கு முன்னால் யார் காது, யார் மூக்கு என்று கடவுளுக்குத்தான் தெரியும். 'டக்' என்றது. கம்பி பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பெண் மீதியைக் கட்டைவிரலால் அமுக்கினாள். அன்றைக்கு இரண்டு கண்ணும் கலங்கின.

கம்பி நீளம் போதவில்லை. வீக்கத்தில் கல் சதைக்குள் புதைந்துகொண்டது. மூன்றாம் வாரம் துளைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கட்டி. இங்கே ஒரு விஷயம் கவனி, கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் இதைக் கீலாய்டு என்றே சொல்கிறார்கள். பெரும்பாலும் இருக்காது. உரசலாலும் பொருந்தாத கம்பியாலும் வரும் கட்டி துளையை ஒட்டி மிளகு அளவில் நிற்கும், காரணத்தை நீக்கினால் மெல்ல அமுங்கும். கீலாய்டு என்பது புண்ணின் எல்லையைத் தாண்டி மாதக்கணக்கில் வளர்ந்துகொண்டே போகும் தழும்பு. நம் மாதிரி கறுத்த தோலில் வாய்ப்பு கூடுதல், குடும்பத்திலும் ஓடும். உன் வீட்டில் யாருக்காவது காது குத்திய இடத்திலோ தடுப்பூசித் தழும்பிலோ உருண்டையாக வளர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு முடிவு செய். இருந்தால் உன் அண்ணன் சொன்னதில் பாதி சரி. அவனிடம் சொல்லாதே.

எனக்கு வந்தது வெறும் கட்டிதான். தோல் டாக்டர் கம்பியை மாற்றச் சொன்னார், தேங்காய் எண்ணெயையும் மஞ்சளையும் நிறுத்தச் சொன்னார். இரண்டு மாதத்தில் போய்விட்டது. இன்றைக்கு என் மூக்கில் இருப்பது அந்தத் துளைதான். புள்ளி கொஞ்சம் மேலே. அம்மா சொன்ன நெல்லளவு.

முதல் பதிலில் பத்தரிடம் போ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டேன். பத்தர் கைநேர்த்தி பெரிது. ஆனால் அந்தக் கல், அந்த எண்ணெய்க் கிண்ணம், அந்த விரல்? இன்றைக்கு நான் யோசிப்பேன். பிரித்த நொடியில் பயன்படுத்தித் தூக்கி எறிகிற ஊசி, கையுறை. இந்த இரண்டும் இருந்தால் பத்தரோ காது மூக்கு டாக்டரோ தோல் டாக்டரோ யாரும் சரி. ஊசி வழியாக ஹெபடைடிஸ் பி பரவும் என்பது பயமுறுத்தல் இல்லை. டெட்டனஸுக்கான டிடி ஊசி 10 வயதிலும் 16 வயதிலும் போட்டிருக்க வேண்டும். அட்டையை எடுத்துப் பார்.

நகை: 22 காரட் தங்கம் நல்லது. டைட்டானியம் கிடைத்தால் அதுவும். கவரிங் வேண்டவே வேண்டாம், அடியில் நிக்கல் இருந்தால் அரிப்பு எடுத்துத் தொலைக்கும். ஒன்று தெரியுமா, 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. மூக்குத்தி அதற்குள்தான் வரும். 916 முத்திரையைத் தேடாதே, தெரிந்த கையில் வாங்கு.

3 ஜனவரி 2025

வலதா இடதா என்று நான் இல்லாத நேரத்தில் ஒரு யுத்தமே நடந்திருக்கிறது. தெற்கே வலது, வடக்கே இடது என்பது பொது வழக்கம். சில வீடுகளில் ஒரு பக்கம் பேசரி என்கிற பல கல் மூக்குத்தி, இன்னொரு பக்கம் ஒற்றைக்கல் என்று இரண்டும் உண்டு. இடதில் குத்தினால் பிரசவ வலி குறையும் என்று எழுதியவருக்கு: நான் மூக்கோடுதான் பெற்றேன். குறையவில்லை. (என்னுடையது வலது என்பதால் என்பார். சரி, விடுங்கள்.)

"இது நம் ஆதிகாலத்துப் பழக்கம்" என்று இன்னொருவர். அதில்தான் வேடிக்கை. சங்கப் பாடல்களில் குழை, தோடு என்று காதணிக்குப் பஞ்சமே இல்லை. மூக்கணியைத் தேடினால் கிடைப்பதில்லை. பழைய சோழர் காலத்து அம்மன் செப்புத்திருமேனிகளின் மூக்கும் வெறுமையாகத்தான் இருக்கும். மூக்குத்தி இடைக்காலத்தில் வந்து சேர்ந்தது என்பதே வரலாற்றாசிரியர்கள் பலரின் கணிப்பு. வந்த பிறகு கன்னியாகுமரி அம்மன் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல்கள் பாறையில் மோதின, அதனால் கிழக்கு வாசலை மூடினார்கள் என்று கதை கட்டுகிற அளவுக்கு நம்முடையதாகிவிட்டது.

18 ஜனவரி 2025

காணும் பொங்கலன்றே குத்திவிட்டாயா! படம் பார்த்தேன். வலது பக்கம், புள்ளி சரியான இடத்தில். புது ஊசி, கையுறை, தங்கக் கம்பி, எல்லாம் கேட்டபடி. சந்தோஷம்.

அப்புறம் கீழே ஒரு வரி எழுதியிருக்கிறாய்: "நீட் முடிவதற்குள் ஆறிவிடும் இல்லையா அக்கா?"

நீட் எழுதுகிறாய் என்று நீ இதுவரை சொல்லவில்லை. பிளஸ் டூ என்றபோதே நான் கேட்டிருக்க வேண்டும். மூக்குத்தியோடு உள்ளே விடமாட்டார்கள், அம்மா. மோதிரம், தோடு, மூக்குத்தி எதுவும் கூடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. டிசம்பர் 8ஆம் தேதி நான் எழுதிய திருத்தத்தை நீ படித்தாயா, அல்லது முதல் நாள் சொன்ன ஆறு வாரத்தையே நம்பினாயா?

அதே நாள், இரவு

முதல் நாள் சொன்னதைத்தான் நம்பியிருக்கிறாள்.

9 பிப்ரவரி 2025

தேதி வந்துவிட்டது. மே 4, ஞாயிறு. ஜனவரி 16இலிருந்து எண்ணினேன், 108 நாள். கோயிலுக்கு நல்ல எண், மூக்குக்குப் போதாது. 11 மணியிலிருந்து உள்ளே விடுவார்கள், ஒன்றரைக்குக் கதவு மூடும், தேர்வு 2 முதல் 5 வரை. கழற்றி மாட்ட ஐந்து மணி நேர இடைவெளி. இரண்டு நாளில் என்னுடையது தூர்ந்தது. ஐந்து மணி நேரத்தில் முழுக்கத் தூராது, ஆனால் உள்ளே சுருங்கும்.

இப்போதே எடுத்துவிட்டு ஜூனில் திரும்பக் குத்து என்பதுதான் என் முதல் யோசனை. நீ மாட்டேன் என்கிறாய். உன் மூக்கு. அப்படியானால் இதுவரை சொன்னதை ஒழுங்காகச் செய். திருகுக்கு மாறாதே. திருகு தளர்ந்து தூக்கத்தில் மூச்சோடு நுரையீரல் வரைக்கும் போனவர்கள் மருத்துவ இதழ்களில் இருக்கிறார்கள். துண்டால் முகம் துடைக்காதே, டர்க்கித் துண்டின் நூல்தான் மூக்குத்திக்கு முதல் எதிரி. தலையணை உறையை மாற்று. பிளஸ் டூ பரீட்சை மார்ச்சில், யோசிக்கும்போது மூக்கைத் தொடுகிற பழக்கம் இருந்தால் பேனாவைக் கடி.

2 மார்ச் 2025

மண்டபம் ஊரிலிருந்து ஒரு தம்பி புருவத்தில் குத்தலாமா என்று கேட்கிறார். குத்தலாம். ஆனால் புருவத் தோல் மெல்லியது, உடம்பு கம்பியை முள் மாதிரி மெல்ல வெளியே தள்ளிவிடும் வாய்ப்பு அதிகம், தழும்பு மிஞ்சும். வலை இழுக்கிறவர் என்றால் கண்ணுக்கு மேலே ஒரு கொக்கி எதற்கு? உதடு வேண்டாம், ஈறு தேயும், பல் உடையும். உங்கள் தாத்தா கடுக்கன் போட்டிருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. ஞாயிறன்று அம்மாவுக்கு இதையெல்லாம் முதலிலிருந்து படித்துக் காட்டினேன். மிளகாய்க் கதைக்குச் சிரித்தார். 'அப்பா புது மூக்குத்தி வாங்கிக் கொடுத்தார்' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"புதுசா? யாரு சொன்னா?"

மே மாதம். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். இப்போது 61 நாள், அப்போது ஏப்ரல் 15இலிருந்து 45 நாள். அப்பா கரையில் சும்மா உட்கார்ந்திருந்த நேரம். கையில் எங்கே காசு? அம்மா தன் மூக்கிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். பத்தர் அதை மெருகு போட்டு, தன் கம்பி வளையத்தை இனாமாக முறுக்கிவிட்டிருக்கிறார். "நீ கேக்கவே இல்லையே. புதுசுன்னு நீயாத்தான் குதிச்ச."

நான் யோசித்துப் பார்க்கிறேன். அம்மா மூக்கில் சிவப்புக்கல் இருந்ததாக ஒரு நினைவும் வரவில்லை. அம்மாவுக்கு மூக்குத்தி பிடிக்காது என்றே இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். 16 வருடம் தினமும் பார்த்த முகம்.

கடலில் போனது அதுதான்.

7 ஏப்ரல் 2025

நேற்று பாம்பன் புதுப்பாலத் திறப்பு. ஊரெல்லாம் போலீஸ், கடைக்கு வர முடியவில்லை, லீவு. தூக்குப்பாலம் மேலே போவதை அம்மாவோடு நின்று பார்த்தேன். அம்மா பாலத்தைப் பார்த்தார், நான் அம்மா மூக்கைப் பார்த்தேன். வலது பக்கம், மிகச் சின்னதாக ஒரு குழி. அம்மைத் தழும்பு என்று நினைத்திருந்தேன்.

20 ஏப்ரல் 2025

தொண்டித் தங்கச்சிக்கு: முன்னாலேயே கழற்றி மாட்டிப் பார்க்கிற ஒத்திகை வேண்டாம். வீணாகக் கிளறாதே. தேர்வு அன்றைக்கு ஒரே தடவைதான். காலையில் பஸ் ஏறி நேராக என் கடைக்கு வா, தேர்வு மையம் ராமநாதபுரம் என்றால் வழிதான். முன்கூட்டியே கழற்றாதே, எவ்வளவு தாமதமாகக் கழற்றுகிறோமோ அவ்வளவு நல்லது. அதற்காகக் கதவு மூடும் நேரத்தில் ஓட வேண்டாம்.

5 மே 2025

வந்தாள். படத்தில் பார்த்ததைவிடக் குள்ளம். கூட அம்மா, கையில் தண்ணீர் பாட்டிலும் செபமாலையும். 12 மணிக்கு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கையுறை மாட்டி, சலைனில் ஊறவைத்துக் கழற்றினேன். தங்கக் கம்பி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. சொட்டு ரத்தம் இல்லை. ஸ்பிரிட்டில் துடைத்துப் புது மாத்திரைக் கவரில் போட்டு அவள் அம்மாவிடம் கொடுத்தேன். அந்த அம்மா அதை முந்தியில் முடிந்து, முடிச்சைப் பிடித்தபடியே ஐந்து மணி நேரம் மர நிழலில் உட்கார்ந்திருந்தாராம்.

ஐந்தரைக்குத் திரும்பி வந்தார்கள். வெளித்துளை திறந்தே இருந்தது. கம்பி பாதி போய் முட்டியது. இன்னொரு தடவை. முட்டியது. வலது கண்ணில் மட்டும் தண்ணீர். எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, ஆறு வாரம் என்று எழுதிய கை. "விடுங்க அக்கா" என்று அவளே கையுறையை வாங்கி மாட்டினாள். உள்ளே சுண்டுவிரலை வைத்து, வெளியே கம்பியை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, தள்ளாமல், நூல் கோக்கிற மாதிரி மெல்லச் சாய்த்துத் தேடினாள். ஒரு நிமிடம் இருக்கும். வழி கிடைத்துவிட்டது.

பரீட்சை எப்படி என்று கேட்டேன். "ஃபிசிக்ஸ்தான் மூக்கைவிட வலிச்சுது" என்றாள்.

8 ஜூன் 2025

தங்கச்சி எழுதியிருக்கிறாள், கட்டி இல்லை, சிவப்பு இல்லை. ஜூலை வரைக்கும் கடல் கிடையாது என்று சொல்லியிருக்கிறேன்.

இந்தப் பக்கத்தைத் தேடி வருகிறவர்களுக்காக ஒரு செய்தி. மூன்று மாதத் துளை இரண்டு நாளில் தூர்ந்தது என்றேன். வருடக்கணக்கில் ஆறிய துளை எப்படி இருக்கும் என்று ஒருவர் கேட்டிருந்தார். நேற்று பார்த்துவிட்டேன். என் மூக்குத்தியைக் கழற்றி, ஸ்பிரிட்டில் துடைத்து, அம்மாவைத் திண்ணையில் உட்கார வைத்தேன். "இந்த வயசுல எனக்கெதுக்குடி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். குழியைச் சலைனில் நனைத்து ஊறவிட்டேன். கம்பியை வைத்தேன். 19 வருடம் ஒன்றும் இல்லாமல் கிடந்த மூக்கு. முதலில் கொஞ்சம் பிகு பண்ணியது, அப்புறம் தானாகவே வாங்கிக்கொண்டது.

அம்மா கண்ணாடி கேட்கவில்லை. விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"திருகை நல்லா இறுக்கு. நீ தொலைச்ச மாதிரி நானும் தொலைச்சிடப் போறேன்."